பெயரை நீக்கினால் போதுமா?

“என் ரிப்போர்ட்டை வேறு யாராவது பார்ப்பார்களா, டாக்டர்?” என்று நோயாளிகள் தயக்கத்துடன் கேட்பதுண்டு. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் சில குறிப்புகளைப் பயன்படுத்துகிறோம், ஆனால் பெயரை நீக்கிவிடுகிறோம் என்பதே எங்கள் வழக்கமான மறுமொழி. அது போதாது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் உணர்ந்தோம்.

பயிற்சிக் கூட்டமொன்றில் ஒருவரின் நோய் வரலாற்றைத் திரையில் காட்டினோம். பெயர் இல்லை. வயது, மேல்மலையிலுள்ள ஊர், பூண்டு விவசாயம், அரிய நோய் ஆகியவை மட்டும் இருந்தன. பின்வரிசையிலிருந்த செவிலியர் தலைகுனிந்தார். அவரும் அவ்வூரினரே. சில நூறு வீடுகளுள் அந்நோய் உடையவர் ஒருவரே. தம் உடன்பிறந்தாரிடம்கூட அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. நடந்ததை அவரிடம் தெரிவித்து வருந்தினோம். “ஊர்ப் பேரையாவது எடுத்திருக்கலாமே, டாக்டர்” என்றார்.

பெரிய இடங்களிலும் இது நேர்ந்துள்ளது. சென்னை மருத்துவமனையொன்று ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிட்டது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் ‘எக்ஸ்’, மருத்துவமனை ‘இசட்’ என்றே குறிக்கப்பட்டன. ஆயினும் அவர் பட்டம் பெற்ற ஆண்டும் பணியாற்றிய மாநிலமும் அத்தீர்ப்பிலேயே உள்ளன.

எனவே மறைக்கும் முறையை நோக்கத்திற்கேற்பத் தேர்கிறோம். நீண்டகால ஆய்வுகளில் பெயருக்குப் பதிலாகக் குறியெண் இடுகிறோம். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேடு தனியே பூட்டி வைக்கப்படும். இது முழு மறைப்பன்று. ஆனால் ஒரு மருந்தால் தீங்கு நேர்வது பின்னர் தெரியவந்தால் உரியவரை அழைத்தாக வேண்டும். பெயரை மீளாவண்ணம் அழித்துவிட்டால் அதற்கு வழியில்லை.

எண்ணிக்கைகளை மட்டும் வெளியிடும்போது விவரங்களை அகலப்படுத்துகிறோம். 58 வயது என்பது 50–59 ஆகும். ஊர்ப்பெயர் மேல்மலை அல்லது கீழ்மலை என மாறும். ஒரு பிரிவில் ஐவருக்கும் குறைவானோர் இருந்தால் அதை அடுத்த பிரிவோடு இணைக்கிறோம். இதில் இழப்பும் உண்டு. குடிநீரால் பரவும் காய்ச்சல் எவ்வூரில் தொடங்கியது என்பதை ‘மேல்மலை’ என்ற சொல்லைக் கொண்டு கண்டறிய இயலாது. அத்தகைய வேளையில் ஊர்ப்பெயரைச் சுகாதாரத் துறையினரிடம் மட்டும் தருகிறோம்.

தனியொருவரின் நோயைக் கட்டுரையாக எழுதுவதாயின் எந்த முறையும் போதாது. எழுதியதை அவருக்கே படித்துக்காட்டி, எழுத்துமூலம் இசைவு பெற்ற பின்னரே வெளியிடுகிறோம். இசைவு மறுப்பதால் சிகிச்சையில் எம்மாற்றமும் இராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காசநோய் 2012 முதல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்; அங்குப் பெயரும் முகவரியும் செல்லும். எச்.ஐ.வி. நிலையையோ, உரியவரின் இசைவின்றி வெளியிடுவதைச் சில விலக்குகளுடன் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் குறிப்புகள் எவ்வகையில் பயன்படுகின்றன என்பதை, உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அடுத்த வருகையிலேயே கேட்கலாம்.