கடை உணவில் மறைந்திருக்கும் கொழுப்பு

ஊர் திரும்பி, வீடு திருத்தி, தோட்டம் துப்புரவாக்கும் நாட்களில் சமைக்க நேரம் கிடைப்பது அரிது. பிள்ளைகளின் பசிக்கு ஒரு பிஸ்கட் பக்கெற் வாங்கிக் கொடுப்பது இலகுவாக இருக்கும். ஆனால் சட்டியில் ஊற்றும் எண்ணெயை நாம் அளக்கலாம். கடை உணவில் சேர்ந்திருக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எவற்றில் மறைந்திருக்கிறது?

• கிறீம் பிஸ்கட், கேக், மாஜரீன் சேர்த்த பணிஸ்
• ரோல்ஸ், பற்றிஸ், மிக்சர்
• சோசேஜஸ்
• உடனடி நூடில்ஸ் (இவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்து உலர்த்தப்பட்டவை)

ஏன் கவனம் தேவை?

திரவ எண்ணெயைக் கட்டியாக்க அதனுடன் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்ப்பார்கள். இது அரைகுறையாகச் செய்யப்படும்போது ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி, நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறது. இதனால் மாரடைப்பு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. ஒரு நாளில் 2,000 கலோரி உண்பவருக்கு ட்ரான்ஸ் கொழுப்பு ஏறத்தாழ 2 கிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பக்கெற்றை வாசிப்பது எப்படி?

1. சேர்மானப் பட்டியலில் அதிக அளவில் உள்ள பொருளே முதலில் வரும். எண்ணெய், மாஜரீன், சீனி என்பன முதல் மூன்றுக்குள் இருந்தால் அதை நாளாந்த உணவாக்க வேண்டாம்.
2. 'பாஷலி ஹைட்ரஜினேட்டட்' என்ற சொற்கள் இருந்தால் வாங்காதீர்கள். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.
3. 100 கிராமில் 20 கிராம் கொழுப்பு என்று எழுதியிருந்தால், அது ஏறத்தாழ 4 தேக்கரண்டி எண்ணெய்க்குச் சமன்.
4. 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்ற வாசகத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். தாவர எண்ணெயில் இயல்பாகவே கொலஸ்ட்ரோல் இருப்பதில்லை எனலாம். ஆனால் பாம் எண்ணெயில் ஏறக்குறைய அரைவாசி நிரம்பிய கொழுப்பு. அது உடலில் கொலஸ்ட்ரோலைக் கூட்டும்.

பதிலாக எதைக் கொடுக்கலாம்?

அவித்த கடலை, பயறு, கச்சான், மரவள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு, வாழைப்பழம், பப்பாசி. பொரிப்பதற்குப் பதில் அவியுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள்.

கவனிக்க: கொழுப்பை முற்றாக நிறுத்த வேண்டாம். வளரும் சிறு பிள்ளைகளுக்கு அது அவசியம். முட்டை, மீன், கச்சான், எள்ளு ஆகியவற்றிலிருந்து அது கிடைக்கட்டும். வீட்டில் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதய நோய் உள்ளவர்கள் இருந்தால் உணவை மாற்றினாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. கிளினிக்கிற்குத் தவறாமல் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்: இந்த வாரம் வீட்டுக்கு வாங்கிய பக்கெற்றுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தேக்கரண்டி எண்ணெய் உண்டு என்று பிள்ளைகளுடன் கணக்கிடுங்கள். அடுத்த வாரம் எதை வாங்காமல் விடலாம் என்று சேர்ந்தே தீர்மானியுங்கள்.