குடிநோய்க்கு மருத்துவம்: எங்கே, என்ன செலவு?
(மாணவி, 10-ஆம் வகுப்பு 'அ' பிரிவு)

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் குடியை விட முடியாமல் தவித்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறோம். தோழியரே, இதை நான் எண்ணிப் பார்க்கக் காரணம் என் பெரியப்பா.

அவருக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளக் காடு உண்டு. குடி மிகுந்தபோது பெரியம்மா முதலில் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினார்கள். பிறகு சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை வாங்கினார்கள். கடைசியில் நகையை அடகு வைத்து வெளியூரில் ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே மருத்துவர் யார், மருந்து என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை; பார்க்கவும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தவர் எட்டாம் நாளே குடித்தார். நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

அதன் பிறகே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். சீட்டு, மருந்து, படுக்கை எதற்கும் பணம் கேட்கவில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறிப் பிதற்றலாம், உயிரே போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே முதல் சில நாள்கள் படுக்கையில் வைத்து நடுக்கத்திற்கு மாத்திரையும் பி-1 வைட்டமினும் தருகிறார்கள். டைசல்பிராம் என்னும் மாத்திரையும் உண்டு. அதை உண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். நோயாளி அறிந்து சம்மதித்தால்தான் அதைத் தரலாம். இதைக் கேட்டதும் பெரியம்மா அந்தப் பொடியை நினைத்து நடுங்கிப் போனார்கள்.

இந்த வசதி நமக்குப் புதிதன்று. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சி ஒன்று. அதிலிருந்துதான் 1995-இல் நம் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை!

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. குடி, போதைப் பொருள்களால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்தில் மனநோயே. அரசு மருத்துவம் பெறுவது உரிமை. காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோயைப் போலவே மனநோயையும் ஏற்க வேண்டும். மனநல இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் எங்கள் நகை பிழைத்திருக்கும்.

சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் என்பவர் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் துயரத்தோடு முடங்கிவிடவில்லை. 1980-இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. நகரத்துக்கு வர இயலாதவர்களுக்காக 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம்களும் நடத்தினார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மருந்து முடிந்த பின்னும் துணை வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் குடியால் நலிந்த இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமே இல்லை. மனைவி மக்களுக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு. போதைப் பழக்கத்திற்கு 14446, மனக்கவலைக்கு 14416 என்னும் எண்களில் இலவசமாகப் பேசலாம்.

இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடன் இருந்த பெரியம்மாவுக்குப் பத்து நாள் கூலி போயிற்று. பெரியப்பா தீபாவளியன்று ஒருமுறை தவறினார். மறுநாளே மருத்துவரிடம் சென்றார். அதன் பின் ஐந்து மாதம் ஆகிறது.

போன மாதம் மாத்திரை வாங்க நானும் உடன் சென்றேன். பெரியம்மாவுக்கும் எனக்கும் நகரப் பேருந்தில் கட்டணமில்லை. பெரியப்பாவின் டிக்கெட்டும், திரும்பும் வழியில் அவர் வாங்கித் தந்த மூன்று தேநீரும்தான் அன்றைய செலவு.