உடையவர் திறந்த வாசலும் காலக்ஷேப கோஷ்டியும்

பூதபுரி என்று புராணம் போற்றும் ஸ்ரீபெரும்பூதூரில், 1017-ஆம் ஆண்டுக்கு ஒத்த பிங்கள வருஷத்துச் சித்திரைத் திருவாதிரையில், எம்பெருமானார் திருவவதாரம் செய்தருளினார் என்பது ஸம்ப்ரதாய வழக்கு. அவர் அவதரித்த இம்மண்டலம் இன்று ஆலைகள் நிறைந்த பூமியாக விளங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மோட்டார் வாகனங்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியவர்கள், முறை வேலை முடித்து நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பேருந்தில் திரும்புகின்றனர். ஆதிகேசவப் பெருமாளையும் உடையவரையும் ஸேவிக்க வருவோரில் இன்று இவர்களும் உண்டு.

இத்தகைய ஊரில், உத்ஸவ காலத்து உபந்யாஸத்தைக் கேட்ட அன்பர் சிலர், அத்துடன் அமையாமல் வாரம் ஒருநாள் கூடி ரஹஸ்யார்த்தங்களைக் கற்க விழைவது இயல்பே. அங்ஙனம் விழைந்தவுடன் ஓர் ஐயமும் எழும். ரஹஸ்யம் என்று பெயர் பெற்றதைப் பலர் கூடிப் படிக்கலாமா? பலர் கூடிப் படித்தால் அது ரஹஸ்யமாக நிற்குமா? எல்லோர்க்கும் பொது என்று உடையவரே அறிவித்துவிட்டார் என்பர் ஒரு சாரார். தகுதி நோக்காமல் சொல்லலாகாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் உடையவர் திருச்சரிதத்தையே பிரமாணமாகக் காட்டுவர். ஆதலால் அச்சரிதத்தை முழுமையாகப் பார்ப்பது அவசியமாகிறது.

ஸ்ரீவைஷ்ணவத்தில் ரஹஸ்யம் என்பது மாயவித்தையன்று. சிலர் தம் பெருமைக்காகப் பூட்டிவைத்த பொருளுமன்று. திருமந்திரம், த்வயம், சரமச்லோகம் ஆகிய மூன்றுக்கும் அப்பெயர். முதலது எட்டெழுத்தும் மூன்று பதமும் கொண்டது. இரண்டாவது இரண்டு வாக்கியங்களால் ஆனது. மூன்றாவது கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு முடிவாக அருளிய உபதேசம். ஓலையைப் புரட்டினால் மூன்றும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆயின், ஆத்மாவின் ஸ்வரூபம் என்ன, பற்றவேண்டிய உபாயம் யாது, அடையவேண்டிய பயன் எது என்ற மூன்றும் அவற்றுள் மறைந்து நிற்கின்றன. சொல் வெளிப்படை, பொருள் ஆழ்ந்தது. ஆசார்யன் திருவாக்கால் கேட்டே அப்பொருள் தெளியவேண்டியிருப்பதால் ரஹஸ்யம் எனப்பட்டது.

முற்காலத்தில் இவ்வர்த்தங்கள் ஓராண் வழியாக, அதாவது ஓர் ஆசார்யன் தன் ஒரு சீடனுக்கு மட்டும் உரைக்கும் முறையில் வந்தன. ஆளவந்தாரின் திருவடிகளில் கேட்டவற்றை அவருடைய சீடர்கள் ஐவர் உடையவருக்கு வழங்கினர். அவ்வைவருள் மந்த்ரார்த்தத்துக்கு உரியவர் திருக்கோட்டியூர் நம்பி. திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. அவ்வழியை உடையவர் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை கூறும். பதினெட்டாம் முறைக்கு, தண்டும் பவித்திரமும் மட்டும் கொண்டு தனியே வருமாறு நம்பி சொல்லியனுப்பினார். உடையவரோ முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்துச் சென்றார். தனியே வரச் சொன்னோமே என்று நம்பி வினவ, இவ்விருவருமே தம்முடைய தண்டும் பவித்திரமும் என்று விண்ணப்பித்தார். முதலியாண்டான் பூவிருந்தவல்லியை அடுத்த பச்சைவாரணப் பெருமாள் கோயில் ஊரினர். கூரத்தாழ்வான் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தினர். இருவரும் இந்தத் தொண்டைமண்டலத்துப் பிள்ளைகளே. தனியாகக் கேட்பதற்கென்று சென்ற இடத்துக்கும் உடன்கற்போரை விடாமல் அழைத்துச் சென்ற அந்தத் திருவுள்ளத்தில் பிற்காலக் கோஷ்டிகளுக்கெல்லாம் வித்து இருக்கிறது.

அடுத்து நிகழ்ந்தது நாடறிந்தது. பிறர்க்கு உரைப்பதில்லை என்ற ஆணைக்கு உட்பட்டுக் கேட்ட அர்த்தத்தை, தமக்கு நரகமே கிட்டினும் பலர் உய்வர் என்று உடையவர் வெளியிட்டார். கோபுரத்தின் மீதேறி ஊரெல்லாம் கேட்க முழங்கினார் என்பது இன்று நாடகங்களிலும் சித்திரங்களிலும் காணும் காட்சி. பழைய குருபரம்பரை வரலாறோ அத்தலத்துத் தெற்காழ்வான் திருமுன்பே, திரண்டிருந்த ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அருளிச்செய்ததாகச் சொல்லும். இந்த வேறுபாட்டைச் சிறியதென்று தள்ளுதல் தகாது. உயரத்தில் நின்று உரக்கச் சொன்னது முதற்காட்சி. கேட்க வந்து அமர்ந்தவர்க்குப் பொருள் விளங்கச் சொன்னது இரண்டாவது. கோபுரக் காட்சி நெஞ்சை உருக்கவல்லது என்பதில் ஐயமில்லை. எனினும் காலக்ஷேபத்துக்கு முன்மாதிரி தெற்காழ்வான் ஸந்நிதியே. மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இச்செயலைப் போற்றும்போதும், ஆசையுடையவர் என்ற ஒரு தகுதியை விடாமல் வைத்தார். குலமும் செல்வமும் கல்வியும் அங்கே கேட்கப்படவில்லை. ஆசை மட்டும் கேட்கப்பட்டது.

இதன் பிற்பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். நம்பி மனமுவந்து, எம்பெருமானார் என்று பெயரிட்டு, பின்னர்ச் சரமச்லோகத்தின் பொருளையும் அருளினார். அதனைக் கேட்க விரும்பிய கூரத்தாழ்வானிடம் ஓராண்டு அடிமை செய்யவேண்டுமென்ற நியமம் சொல்லப்பட்டது. உடல் ஓராண்டு நிற்கும் என்பதற்கு உறுதி ஏது என்று கலங்கிய ஆழ்வான், அதற்கு ஈடாக ஒரு மாதம் உபவாஸமிருந்து பெற்றார். முதலியாண்டானோ உடையவரின் ஸஹோதரி குமாரர். உறவு அங்கே உதவவில்லை. நம்பியிடமே கேட்கும்படி அனுப்பப்பட்டு, ஆறு மாதம் அவர் வாசலில் காத்திருந்தார். கல்விச் செருக்கும் செல்வச் செருக்கும் குலச் செருக்கும் நீங்கியபின் உடையவரிடமே கேட்டுக்கொள்க என்று நம்பி திருப்பியனுப்பினார். திறந்த கையால் வழங்கிய அதே உடையவர், தம் தண்டும் பவித்திரமுமான இருவரையே இங்ஙனம் காக்கவைத்தார். வெளியில் உள்ளவர்க்கு வாசல் அகலம். உள்ளே வந்தவர்க்குப் பாடம் கடினம். இவ்விரண்டையும் சேர்த்துப் பாராதவர் உடையவரைப் பாதியே அறிந்தவராவர்.

முதலியாண்டான் செருக்கை விட்டார் என்பது வெறுஞ்சொல்லன்று. பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய், புக்ககத்தில் விடியற்காலையில் நீருக்குச் செல்லத் துணை கேட்டாள். உன் பிறந்தகத்திலிருந்து வேலையாள் கொண்டுவா என்று மாமியார் ஏசினாள். செய்தி நம்பி மூலம் உடையவரை எட்டிற்று. உடையவர் மகாபண்டிதரான ஆண்டானை அழைத்து, இவளுக்குத் துணையாகப் போய்வாரும் என்றார். ஆண்டான் மறுமொழி கூறாமல் அவ்வீட்டில் தண்ணீர் சுமந்தார், தளிகை செய்தார். ஒருநாள் அங்கே வந்த வித்வான் ஒருவர் சாஸ்திரப் பொருள் உரைக்கையில் பிழைபட, மடைப்பள்ளியிலிருந்த ஆண்டான் திருத்தினார். சமையற்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சினந்தவர்களே, அவர் உரைத்த பொருளைக் கேட்டு அடிபணிந்தனர். உணவுக்கூடத்திலும் காவல் வாயிலிலும் இயந்திரத்தின் முன்னும் நாளைக் கழிக்கும் அன்பர்கள் இவ்வரலாற்றை இருமுறை கேட்பது நலம். தொழில் தாழ்ந்ததென்று ஞானம் அவ்விடத்தைவிட்டு விலகியதாகப் பூர்வாசார்யர்கள் கருதவில்லை.

இனி, கோஷ்டியில் கேள்வி கேட்கலாமா என்பதொன்று. திருவாய்மொழியின் பொருளை உடையவர் திருமாலையாண்டானிடம் கேட்டார். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்துக்கு ஆண்டான் சொன்ன பொருள் இடத்துக்கு ஒவ்வாதென்று தோன்ற, வேறு நிர்வாஹம் கூறினார். ஆளவந்தாரிடம் கேளாத பொருளை விசுவாமித்திரர் போலப் புதிதாய்ப் படைக்கிறீரோ என்று ஆண்டான் வெகுண்டு பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, அப்பொருளை ஆளவந்தார் உரைக்கத் தாம் கேட்டதுண்டு என்று ஸாக்ஷி கூறியபின்னரே பாடம் தொடர்ந்தது. சீடனின் கேள்வி இங்கே தள்ளப்படவில்லை. ஆயின் அது தன் மனம்போன போக்கில் அல்லாமல், முன்னோர் வாக்கின் துணையால் நிலைபெற்றது. இவ்வளவு பெரியோர்களுக்கிடையேயும் பாடம் சில நாள் தடைப்பட்டதென்றால், நால்வர் கூடும் சிறு கோஷ்டியில் ஒருநாள் கருத்து வேற்றுமை எழுவது கண்டு கலைந்துபோக வேண்டுவதில்லை.

வியாக்கியானங்கள் பிறந்த கதையும் இவ்வாறே மறைதலும் வெளிப்படுதலுமாகச் செல்கிறது. உடையவர் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி அருளினார். பின்னர்த் திருவரங்கத்தில் நம்பிள்ளையின் கோஷ்டி பெருகி விளங்கிற்று. பகலில் அவர் அருளியதை வடக்குத்திருவீதிப்பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. தம் அனுமதியின்றி எழுதப்பட்டதென்று நம்பிள்ளை அதனை வாங்கிக்கொண்டு, ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் தந்தார். அவர் வழியில் அது தலைமுறைதோறும் அடக்கமாக வந்தது. முடிவில் மணவாள மாமுனிகள், நம்பெருமாள் தாமே கேட்க, திருவரங்கத்தில் ஓராண்டு முழுதும் அந்த ஈட்டைப் பலரறியக் காலக்ஷேபம் செய்து ஆனித் திருமூலத்தில் சாற்றினார். பிள்ளைலோகாசாரியர் ரஹஸ்ய நூல்களின் பொருளை அருளியது ஜனநெருக்கமற்ற காட்டழகிய சிங்கர் ஸந்நிதியில். அங்கும் மணற்பாக்கத்து நம்பி மறைந்திருந்து கேட்டார். பேரருளாளன் தமக்குக் கனவில் உரைத்த பொருளே அங்கு ஒலிப்பது கண்டு வெளிவந்து அடிபணிந்தார். அவர்க்குப் பயன்பட, ரஹஸ்யங்கள் நூலாக வடிவு பெற்றன. வேதாந்த தேசிகரும் ரஹஸ்யத்ரயஸாரம் என்னும் பெருநூலை மணிப்ரவாளத்தில் அருளினார். கலைபேதத்தால் சில இடங்களில் நிர்வாஹம் வேறுபடினும், மூன்று ரஹஸ்யங்களையும் ஆசார்ய முகமாகக் கேட்கவேண்டும் என்பதில் இரு கலையாருக்கும் பேதமில்லை.

உபந்யாஸமும் காலக்ஷேபமும் ஒன்றல்ல. உபந்யாஸம் பந்தலுக்குரியது. கதையும் உவமையும் பாட்டும் கலந்து, வந்தவர் எவராயினும் மகிழ்ந்து எழுந்துபோகச் செய்வது. காலக்ஷேபத்தில் நூல் நடுவில் இருக்கும். முதலில் தனியன் அனுஸந்திப்பர். ஒருவர் மூலத்தை வாசிப்பார். ஆசார்யர் அவதாரிகை சொல்லி, பதம் பதமாகப் பொருள் உரைத்து, முன் சூத்திரத்தோடு பின் சூத்திரத்துக்குள்ள தொடர்பைக் காட்டுவார். ஒருநாளில் ஒரே சூத்திரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. விட்ட இடத்திலிருந்து மறுவாரம் தொடரும். நூல் முற்றியதும் சாற்றுமுறை. இதில் விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர் இரண்டாம் வாரமே நின்றுவிடுவர். அதனால் கோஷ்டிக்குக் குறைவில்லை.

இக்காலத்தில் நூல்கள் அருமையல்ல. காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமியின் திவ்யார்த்த தீபிகை போன்ற உரைகளும், புத்தூர் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் அச்சிட்ட பதிப்புகளும் வியாக்கியானங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. கைபேசியிலும் உபந்யாஸங்கள் ஒலிக்கின்றன. இரவு முறை வேலை செய்பவருக்கு இது பேருதவியே, பழிக்கத்தக்கதன்று. ஆனால் ஒலிக்கும் கருவி கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. புரியாத இடத்தில் நிற்காது. தவறாகப் புரிந்துகொண்டவரைத் திருத்தாது. தனக்குத் தெரியும் என்ற எண்ணத்தை வளர்க்கவும் வல்லது. திருக்கோட்டியூர் நம்பி ஆறு மாதம் காக்கவைத்துக் களைந்தது அந்த எண்ணத்தையே. இன்னொன்றும் உண்டு. ரஹஸ்யம் என்ற பெயரைக் காட்டி, விசேஷ மந்திரம் என்றும் உடனடிப் பயன் என்றும் பொருள் கேட்பவர்கள் எங்கும் தோன்றக்கூடும். நரகத்தையும் ஏற்கத் துணிந்து வழங்கியவருடைய அவதார ஸ்தலத்தில் அத்தகைய வியாபாரத்தை அடையாளம் காண்பது கடினமன்று.

மறதியும் அயர்வும் உழைப்பவர்க்கு இயல்பு. அதற்காகக் கூசவேண்டுவதில்லை. பஞ்சத்தால் திருவரங்கம் வந்து தங்கிய கொங்குப்பிராட்டி, மாதுகரத்துக்கு எழுந்தருளிய உடையவரை எல்லோரும் வணங்குவதன் காரணம் என்ன என்று நேரே கேட்டாள். விடை பெற்று, த்வயமும் உபதேசம் பெற்றாள். ஊர் திரும்பும் சமயத்தில் அது மறந்துபோயிற்று. மறந்தேன் என்று சொல்லி மீண்டும் கேட்டாள். உடையவர் சினவாமல் மீண்டும் அருளினார். மேல்நாட்டுக்கு அவர் எழுந்தருளிய காலத்தில், வழியில் பசித்து வந்த அவருடைய திருக்கூட்டத்துக்குத் தளிகை ஸமர்ப்பித்தவளும் அவளே.

புதிதாகக் கூடும் கோஷ்டிக்கு முமுக்ஷுப்படியில் திருமந்த்ர பிரகரணம் உரிய இடம். மாமுனிகளின் வியாக்கியானம் அதற்கு உண்டு. அதற்கும் முன்னதாக, 73 பாசுரங்களே கொண்ட உபதேசரத்தினமாலையைக் கற்பது எளிது. ஆழ்வார்களின் அவதாரமும் வியாக்கியானங்களின் வரலாறும் அதிலேயே அடங்கியுள்ளன. வாரத்துக்கு இரண்டு பாசுரம் என்று கொண்டாலும் ஓராண்டுக்குள் முற்றும். முறை வேலையால் ஒருவாரம் வர இயலாதவருக்கு, வந்தவர் அடுத்த வாரம் தாம் கேட்டதைச் சொல்லிக்காட்டலாம். சொல்பவர்க்கும் அது பாடமாகும். ஆசார்யர் இல்லாத இடத்தில் மூலத்தை வாசித்து, ஐயங்களைக் குறித்துவைத்து, உத்ஸவ காலத்தில் இங்கு எழுந்தருளும் பெரியோர்களிடம் விண்ணப்பிக்கலாம். சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய பத்து நாட்களில், புறப்பாட்டின் முன்னே அருளிச்செயல் கோஷ்டியும் பின்னே வேதபாராயண கோஷ்டியும் செல்லும். கோஷ்டி கலையும் வேளையில் அவர்களுள் ஒருவரை அணுகிக் கேட்க ஒரு கேள்வியை எழுதி எடுத்து வந்தால் போதும்.