உள்ளங்கையில் ஒரு பாம்பு விளையாட்டு



நோக்கியா போனில் வந்த பாம்பு விளையாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னோடி 1976-ல் கிரெம்லின் என்ற அமெரிக்கக் கம்பெனி விட்ட 'பிளாக்கேட்'. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி அது. அந்த மாதிரி ஆட்டத்தைக் கையில் அடக்க இன்று 65 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலமுள்ள ராஸ்பெரி பை சீரோ போதும். 2015-ல் வந்த பலகை, 512 எம்.பி. மெமரி. எங்கள் ப்ராஜெக்ட் இதுதான்.

பட்டனின் ஒரு காலைப் பலகையின் பின்னிலும் மறு காலைக் கிரவுண்டிலும் சால்டர் செய்யணும். உள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் புரோகிராமில் ஆன் செய்தால், அழுத்தாதபோது 3.3 வோல்ட், அழுத்தினால் சைபர். ஆனால் லேபில் 5 வோல்ட்டிலேயே பழகிய கை நமக்கு. அந்த 5 வோல்ட்டை இந்தப் பின்னில் கொடுத்தால் பலகை போச்சு! அதன் விலை என் அப்பாவின் இரண்டு நாள் கூலி. அதனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயரைக்கூட நான் இணைப்பதில்லை.

இன்னொரு விஷயம். பட்டனை ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே தகடு சில மில்லி செகண்டு துள்ளும். கம்ப்யூட்டர் அதை நாலைந்து அழுத்தமாக எண்ணும். ஒருமுறை திரும்ப வேண்டிய பாம்பு இரண்டுமுறை திரும்பித் தன் உடம்பிலேயே மோதிச் சாகும். முதல் சிக்னல் வந்தபின் 20 மில்லி செகண்டுக்கு வேறு எதையும் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

"விளையாடவா உன்னைப் படிக்க அனுப்பினேன்?" என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அவர் கேட்டது நியாயம்தான். பஸ் கண்டக்டர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷினைக் காட்டினேன். பட்டன், பலகை, திரை, பேட்டரி எல்லாம் அதிலும் உண்டு. பாம்புக்குப் பதில் பிரிண்டர், அவ்வளவுதான். "அப்போ அதை ரிப்பேர் பண்ணுவியா?" என்றார். பண்ணலாம் என்றேன்.

பேட்டரிக் கணக்கு: 3.7 வோல்ட், 2,600 மில்லி ஆம்பியர் அவர் லித்தியம் செல் என்றால் சுமார் 9.6 வாட் அவர். அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் மிச்சம் 8.2. திரையோடு சேர்த்து 2 வாட் இழுத்தால் நாலு மணி நேரம் ஆடலாம். கடையில் 9,900 என்று அச்சடித்த செல்லும் கிடைக்கும். நம்பாதீர்கள், அந்தச் சின்ன உருளைக்குள் அதில் பாதிகூட அடங்காது.

ஆடி முடித்ததும் சுவிட்சைப் பட்டென்று அணைக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ளது கெடும். ஷட்-டவுனுக்கென்று தனியே ஒரு பட்டன் வைத்து, பலகையின் பச்சை விளக்கு அணைந்தபிறகு சுவிட்சைத் தொடுங்கள்.