வம்சாவளி தேடுவோர் காதில் விழும் கதைகள்

நாகமலை புதுக்கோட்டை டீக்கடையில் பூர்வீகப் பேச்சை எடுத்தால் சீக்கிரமே ஜோதிமாணிக்கம் என்ற ஊரின் பெயர் வந்துவிடும். “முத இந்தியனே நம்ம பக்கத்து ஊர்க்காரன்தான்யா, எழுபதாயிரம் வருசமா அங்கனயே இருக்காக” என்பார்கள். பாதி உண்மை, மீதி டீ ஆற்றும்போது சேர்ந்தது.

நடந்தது இதுதான். நாகமலை புதுக்கோட்டையை ஒட்டியிருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோய் எதிர்ப்பியல் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் இந்த வட்டாரத்து ஆண்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டினார். ஜோதிமாணிக்கத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறியீடு இருந்தது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அதை 2002–03இல் நூலும் ஆவணப்படமுமாக உலகுக்குச் சொன்னார். ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிக் கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன கூட்டத்தின் தடயம் அது என்பது அவர் வாதம். அந்த இளைஞரின் குடும்பம் அவ்வளவு காலமும் அதே ஊரில் குடியிருந்ததாக ரத்தம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எம்130இன் வேறு கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் மங்கோலியரிடமும் உண்டு. அவர்களைப் பங்காளி என்று பத்திரிகை வைப்போமா?

இந்தக் குறியீடு இருப்பது ஒய் குரோமோசோமில். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பத்துத் தலைமுறை மேலே ஏறினால் 1,024 முன்னோர் இடங்கள். அதில் ஒரே ஒருவரைத்தான் ஒய் காட்டும். அப்பத்தாகூட அந்தக் கணக்கில் இல்லை. அந்த 1,024 இடத்திலும் வேறு வேறு ஆட்கள் இருப்பார்களா என்றால் நம் பக்கம் அதுவும் கிடையாது. அத்தை மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டிகள் எட்டுப் பேர் அல்ல, ஆறே பேர். அக்கா மகளைக் கட்டியிருந்தால் ஒரே ஆள் தாத்தாவாகவும் பூட்டனாகவும் நிற்பார். வம்ச மரம் வரைகிறவர் பேனாவைக் கீழே வைப்பது இங்கேதான்.

எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் பூட்டன் பெயர் வந்துவிடும் என்பதும் ஆசைதான். அதே நிறுவனத்தில் ஏற்கெனவே சோதித்தவர்களோடுதான் ஒப்பிடுவார்கள். உங்கள் சொந்தக்காரர் யாரும் அதில் இல்லையென்றால் பெயரும் இல்லை.

‘ஒரே குலசாமி என்றால் ஒரே ரத்தம்.’ பங்காளிகளுக்குள் பெரும்பாலும் சரி. ஆனால் ஒரே கோயிலைப் பல சாதியாரும் குலசாமியாகக் கும்பிடுவது இங்கே சகஜம். போதாததற்கு, கல்யாணமானதும் பெண் புருசன் வீட்டுச் சாமிக்கு மாறிவிடுவதால் அவள் பிறந்த வீட்டுத் தடம் இரண்டே தலைமுறையில் அழிந்துபோகிறது. ஆகவே வீட்டுக் கிழவியிடம் முதலில் கேட்க வேண்டியது, “உங்க ஆத்தா பொறந்த ஊர் எது?”

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று: ராஜா ஜமீனுக்குத்தான் எழுத்து, குடியானவனுக்கு ஏது என்பது. துண்டு நிலம் இருந்த வீட்டில்கூடப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடக்கலாம். “இன்னார் குமாரர் இன்னார்” என்று ஆரம்பிக்கும் முதல் வரியோடு நிறுத்திவிடாமல் நான்கெல்லையையும் படியுங்கள். ‘இன்னார் புஞ்சைக்கு மேற்கு’ என்று வருகிற அந்த இன்னார், பல நேரம் பூட்டனின் கூடப்பிறந்தவர். பத்திரம் வீட்டில் இல்லையென்றால் வில்லங்கச் சான்றைப் பாருங்கள்; அது இணையத்தில் பொதுவாக 1975இலிருந்து கிடைக்கும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். சர்வே எண்ணில் மட்டும் கவனம்: 1979இல் தொடங்கிய யுடிஆர் என்ற நில ஆவணப் புதுப்பிப்புத் திட்டத்தில் பல உட்பிரிவு எண்கள் மாறின. பழைய எண்ணுக்குப் புது எண் எதுவென்று கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு பிறகு மனு எழுதுங்கள்.