தலைமுடி: அழகும் அமானிதமும்

 

சென்ற ஆண்டு ஒரு தாயார் எனக்குப் போன் செய்தார்கள். "ஹஜ்ரத், என் மகளுக்கு டைபாய்டு வந்து குணமாகி மூணு மாசம் ஆகுது. இப்ப முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. இடுப்பு வரைக்கும் இருந்த முடி, எலி வால் மாதிரி ஆயிடுச்சு. அடுத்த மாசம் நிக்காஹ். நிஜ முடியிலேயே செஞ்ச சவுரி இருக்குன்னு பியூட்டி பார்லர்ல சொல்றாங்க. வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்கள். அஸருக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. "கூடாதும்மா, ஹராம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அன்று இரவு இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒன்று கேட்டார்: "ஹராம்னு சொன்னீங்க, சரி. அப்ப அந்தப் புள்ள என்ன செய்யணும்னு சொன்னீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் கிதாபுகளைத் திறந்து உட்கார்ந்தேன். பிறகு நானே அந்தத் தாயாருக்குப் போன் செய்து பேசினேன். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

மதீனாவில் கேட்கப்பட்ட அதே கேள்வி

சகோதரர்களே! இது புதிய கேள்வி அல்ல. மதீனாவில் அன்சாரிகளைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. அவள் நோயுற்று, அவளுடைய தலைமுடி உதிர்ந்துவிட்டது. ஒட்டுமுடி வைக்கலாமா என்று அவளுடைய குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். ஒட்டுமுடி வைப்பவள், வைத்துக்கொள்பவள் இருவர் மீதும் அல்லாஹ்வின் சாபம் உண்டு என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். ஆயிஷா (ரலி), அஸ்மா (ரலி) ஆகியோரின் அறிவிப்பாக இது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது.

நோயாளிப் பெண்ணுக்கே ஏன் இவ்வளவு கடுமை என்று சிலர் நினைக்கலாம். முஆவியா (ரலி) அவர்கள் மதீனாவின் மிம்பரில் ஒரு கற்றை ஒட்டுமுடியைக் கையில் எடுத்துக் காட்டி, நபியவர்கள் இதைப் 'பொய்' என்று குறிப்பிட்டதாகச் சொன்னார்கள். இதுவும் புகாரியில் இருக்கிறது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான் இதில் உள்ள குற்றம். ஒரு நிக்காஹ் பொய்யின் மீது தொடங்கக் கூடாது. அந்தப் பெண்ணும், 'உண்மை தெரிந்தால் என்ன ஆகுமோ' என்ற பயத்தோடு கணவன் வீட்டில் காலடி வைக்கக் கூடாது. மார்க்கம் அவளைத் தண்டிக்கவில்லை. அந்தப் பயத்திலிருந்து அவளைக் காப்பாற்றுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, பட்டு நூல், கம்பளி நூல், நம் பெண்கள் பின்னலில் கட்டும் குஞ்சலம் போன்றவை. பார்த்தவுடன் முடி அல்ல என்று தெரிகின்ற இவற்றை வைத்துப் பின்னுவதில் தவறில்லை என்று ஃபுகஹாக்கள் கூறியிருக்கிறார்கள்.

இரண்டாவது, மருத்துவம். தன் முடி மீண்டும் வளர வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமல்ல. பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த மூவரின் சம்பவம் நமக்குத் தெரியும். ஒருவர் குஷ்டரோகி, ஒருவர் வழுக்கைத் தலையர், ஒருவர் பார்வையற்றவர். வானவர் வந்து, 'உனக்கு மிகவும் விருப்பமானது எது?' என்று வழுக்கைத் தலையரிடம் கேட்டபோது, அழகான முடி வேண்டும், மக்கள் என்னை அருவருக்கும் இந்த நிலை நீங்க வேண்டும் என்றார். வானவர் தடவியதும் அவருக்கு அழகிய முடி கிடைத்தது. 'இந்த ஆசை தவறு' என்று அவரிடம் சொல்லப்படவில்லை. தன் தலையின் ஒரு பகுதியிலிருந்தே முடியை எடுத்து இன்னொரு பகுதியில் நடும் சிகிச்சையை இக்கால உலமாக்களில் பலர் கூடும் என்பதற்கு இந்த ஹதீஸையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது உள்ள குறையைச் சரிசெய்வது. ஒட்டுமுடி அந்தக் குறையை மறைப்பது.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது. மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன்.

முடியைப் பேணுவது சுன்னத்

முடி உள்ளவர் அதைக் கண்ணியமாகப் பராமரிக்க வேண்டும் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. தலை கலைந்த நிலையில் வந்த ஒருவரைக் கண்டபோது, முடியைப் படிய வைக்க இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர்களின் முடி சில சமயம் காதுச் சோணை வரையும், சில சமயம் தோள் வரையும் இருந்தது. இஃதிகாஃபில் இருக்கும்போதும் பள்ளியிலிருந்தபடியே தலையை அறைப் பக்கம் நீட்டுவார்கள், ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிடுவார்கள். இபாதத் என்ற பெயரில் தலையைப் பரட்டையாக விடுவது தக்வா அல்ல.

அதேசமயம் தினமும் தலை வாருவதிலேயே மூழ்கிக் கிடப்பதையும் நபியவர்கள் தடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நடுநிலையைக் காட்டினார்கள். தலையில் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விட்டுவிடுவதையும் தடுத்தார்கள். பக்கவாட்டில் முழுக்கச் சிரைத்து நடுவில் கூடு வைக்கும் வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீண்ட முடி உள்ள பெண்களுக்கும் மார்க்கம் இலகுவைத் தந்திருக்கிறது. கடமையான குளிப்புக்காகப் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டபோது, தேவையில்லை, தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார்கள் நபியவர்கள். வேர்க்கால்களுக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

மருத்துவர்கள் சொல்வது

முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். ஆக, வருடத்திற்கு ஒரு சாண்கூடத் தேறாது. 'ஒரே மாதத்தில் ஒரு சாண் வளரும்' என்று எண்ணெய் விற்பவர் பொய் சொல்கிறார் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற நபியவர்களின் எச்சரிக்கை அந்த வியாபாரிக்கும் உண்டு.

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் 2, 3 மாதம் கழித்து முடி மொத்தமாகக் கொட்டும். வேர் சாவதில்லை, ஓய்வில் இருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் உதிர்வது நின்று, மீண்டும் முளைக்கத் தொடங்கும். அந்த மகளுக்கு நடந்ததும் இதுதான். பயந்துபோய் கண்டதையெல்லாம் வாங்கித் தேய்க்க வேண்டியதில்லை.

முடி வளர்வது வேரிலிருந்து, வேருக்கு உணவு போவது இரத்தத்திலிருந்து. இரும்புச்சத்தும் புரதமும் குறைந்தால் முடி கொட்டும். கீரை, பருப்பு, முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றை வீட்டில் ஆண்களுக்கு முதலில் வைத்துவிட்டு, மிஞ்சியதைப் பெண்கள் சாப்பிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. மகளுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பதற்கு முன் அவளுடைய தட்டைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும், ஆனால் சாப்பாட்டின் வேலையை அது செய்யாது. தலையை இழுத்து இறுக்கிக் கட்டினால் நாளடைவில் நெற்றியோரம் முடி போய்விடும். ஈர முடி எளிதில் அறுந்துவிடும், எனவே உலர்த்திய பிறகு முக்காடு அணியுங்கள். ஆறு மாதம் ஆகியும் கொட்டுவது நிற்கவில்லை என்றாலோ, வட்ட வட்டமாகக் கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி ஸதகா செய்வது சுன்னத். அதை சுன்னத் என்ற நிய்யத்தில் செய்யுங்கள். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்பது உண்மையல்ல, கத்தி வேரைத் தொடுவதே இல்லை.

முடி கிடைத்த பிறகு வந்த சோதனை

அந்த வழுக்கைத் தலையரின் சம்பவம் அத்தோடு முடியவில்லை. முடியோடு ஒரு சினைப் பசுவும் அவருக்குக் கொடுக்கப்பட்டது, அது பெருகி மந்தையானது. பிறகு அதே வானவர், அவருடைய பழைய தோற்றத்திலேயே ஓர் ஏழை வழிப்போக்கராக வந்து உதவி கேட்டார். அவர் மறுத்தார். 'மக்கள் அருவருத்த வழுக்கைத் தலையனாக நீ இருக்கவில்லையா?' என்று கேட்டபோது, பரம்பரைச் சொத்து என்று பொய் சொன்னார். பார்வையற்றவராக இருந்தவர் மட்டும் நன்றி மறக்காமல் வாரிக் கொடுத்தார். அவர் மீது அல்லாஹ்வின் பொருத்தமும், மற்ற இருவர் மீது கோபமும் ஏற்பட்டன.

யோசித்துப் பாருங்கள். முடி இல்லாதபோது அவர் தோற்கவில்லை. முடி கிடைத்த பிறகு, தன்னைப் போலவே இருந்த ஒருவரைப் பார்த்துத் தோற்றார்.

நமக்கும் இந்தச் சோதனை உண்டு. முடி உதிர்ந்த வாலிபனைச் 'சொட்டை' என்று கூப்பிடுகிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பின்னலைத் தொட்டுப் பார்த்து, 'நிஜ முடிதானா?' என்று கேட்கிறோம். கேன்சர் சிகிச்சையில் முடியை இழந்த சகோதரி கல்யாண வீடுகளுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவரை வரவிடாமல் செய்தது நோயா, நம் நாக்கா?

அந்தத் தாயார் மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொன்னார்கள். "காய்ச்சல் வந்தாக் கொட்டும், அப்புறம் முளைக்கும். இதுக்கா இவ்வளவு பயந்தீங்க?" என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னார்களாம். குஞ்சலம் வைத்துப் பின்னி, முக்காடு போட்டு நிக்காஹ் முடிந்தது. ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைக்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்பவர்களாக நம் வீட்டார் இருக்க வேண்டும்.

அல்லாஹ் நமக்குத் தந்த முடியைப் பேணி நன்றி செலுத்தவும், இழந்தவர்களின் மனம் நோகாமல் நடக்கவும் தவ்ஃபீக் செய்வானாக! நோயால் வாடும் நம் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.