கடைசியில் வந்தவருக்கும் அதே கூலி

இயேசுபிரானின் உவமைகள் மிக எளியவை என்று கூறுவதுண்டு. விதைப்பவன், ஆட்டைத் தேடும் மேய்ப்பன், மாவைப் புளிக்க வைக்கும் பெண் என்று அன்றைய கலிலேயாவின் அன்றாட வாழ்க்கையே அவற்றில் வருகிறது. கதை புரிந்துவிடுகிறது, உண்மை புரிந்ததா என்பது வேறு கேள்வி.

மத்தேயு நற்செய்தியில் மட்டும், 20-ஆம் அதிகாரத்தில், காணப்படும் ஓர் உவமையைப் பார்ப்போம். திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் ஒருவர் விடியற்காலையில் நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மேலும் சிலரை அனுப்புகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே எஞ்சியிருக்கையில், வேலையின்றி நிற்பவர்களையும் அழைக்கிறார். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி! பகல் முழுவதும் வெயிலில் வாடியவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நியாயம் அவர்கள் பக்கமே இருப்பதாக நமக்கும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்படியாகவே கதை அமைந்திருக்கிறது. கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்குமாறு உரிமையாளர் ஆணையிடுவதைக் கவனியுங்கள். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய கூலியை மகிழ்வுடன் பெற்று அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அடுத்தவர் கையிலிருந்த காசைக் கண்ட பிறகே தங்கள் கையிலிருந்த காசு அவர்களுக்குச் சிறியதாகிவிட்டது.

தெனாரியம் என்பது அக்காலக் கூலியாளின் ஒருநாள் ஊதியம். அதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு ஒரு பங்கை மட்டும் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அன்றிரவு அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த உவமை யாருக்குச் சொல்லப்பட்டது? முந்தைய அதிகாரத்தில் பேதுரு, அனைத்தையும் துறந்து பின்தொடர்ந்த தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். இயேசுபிரான் அவருக்குப் பெரும் பேற்றை வாக்களிக்கிறார். உடனே இக்கதையையும் சொல்கிறார். ஆகவே முணுமுணுக்கும் கூலியாள் எங்கோ இருக்கும் பாவி அல்லன், மூத்த சீடனே! இருபது ஆண்டுகள் ஜபம் செய்தவர், நேற்று வந்தவரின் கண்களில் பக்திக் கண்ணீர் பெருகுவதைக் காணும்போது தம் உள்ளத்தில் எழுவது என்ன என்று பார்த்தால், இக்கதை சுடத் தொடங்கும். துறவையும்கூட மனம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்திலும் இத்தகைய ஒருவன் உண்டு. ஊதாரித் தம்பி திரும்பி வந்ததற்காக விருந்து நடக்கிறது. இத்தனை ஆண்டுகள் தந்தைக்குப் பணிசெய்த மூத்தவன் சினந்து வெளியே நிற்கிறான். தந்தை வந்து வேண்டுகிறார். மகன் உள்ளே சென்றானா என்பதைக் கதை கூறாமலே நின்றுவிடுகிறது.